உடலையே ஆய்வுக்கூடமாக்கிய அறிஞர் ஹால்டேன்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

முன்னுரை

நோயாளியின் இயல்பு, நோயின் இயல்பு, காலத்தின் இயல்பு ஆகிய மூன்றையும் எண்ணிப் பார்த்த பிறகே மருத்துவன் செயலில் இறங்க வேண்டும் என்பது, திருவள்ளுவர் மருந்து அதிகாரத்தில் தரும் அறிவுரையாகும். பள்ளியில் அந்தக் குறளை மனப்பாடம் செய்து எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன். ஆனால் அதன் பொருள் எனக்கு விளங்கியது, எங்கள் வீட்டுக்கு ஒரு மருந்துச் சீட்டு வந்த பிறகுதான்.

என் தந்தை ராஜபாளையத்தில் நூற்பாலைத் தொழிலாளி. நான் பிளஸ் டூ படித்த ஆண்டில் அவருக்குக் காசநோய் என்று தெரிய வந்தது. மாத்திரைகளைத் தவறாமல் விழுங்கினார். இரண்டு மாதத்தில் இருமல் நின்றது. ஆனால் உள்ளங்கால் எரியத் தொடங்கியது. நாளடைவில் பாதம் மரத்து, நடக்கும்போது செருப்பு கழன்று கிடப்பதுகூடத் தெரியாத நிலை ஏற்பட்டது. ஒரு மருந்துக்கடையில் போய்ச் சொன்னார். உடம்புச் சூடு என்று சொல்லித் தடவிக்கொள்ளக் களிம்பு ஒன்றைக் கொடுத்தார்கள். எரிச்சல் தணியவில்லை. மாத்திரைதான் காரணம் என்று தாமாகவே முடிவு கட்டி, வீட்டில் எவரிடமும் சொல்லாமல் எல்லா மாத்திரைகளையும் நிறுத்திவிட்டார். எங்கள் தெருவில் அதே மாத்திரையை அதே காலத்தில் சாப்பிட்டு வந்த இன்னொருவருக்கு எந்தத் தொல்லையும் இல்லை. ஆகவே அப்பா சாக்குச் சொல்கிறார் என்றே நானும் நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக இன்றும் வருந்துகிறேன்.

மூன்று வாரம் கழித்து அரசு மருத்துவர் ஒருவர் பொறுமையாக விசாரித்தார். சீட்டில் எழுதியிருந்த சின்ன மாத்திரையைச் சாப்பிட்டீர்களா என்று கேட்டார். அது வெறும் சத்து மாத்திரைதானே என்று விட்டுவிட்டதாக அப்பா கூறினார். அது பி6 என்னும் வைட்டமின். காசநோய் மாத்திரை சிலருடைய நரம்பைத் தாக்காமல் காக்கவே அதைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். இதை அப்பாவுக்கு எவரும் சொல்லவில்லை. மருந்தை மீண்டும் தொடங்கினார், எரிச்சலும் மெல்லக் குறைந்தது, நோயும் தீர்ந்தது.

ஒரே மருந்து, இரண்டு உடல், இரண்டு விளைவு! இது ஏன்? இந்தக் கேள்வியோடு கல்லூரி நூலகத்தில் புகுந்த எனக்கு விடையின் வேரைக் காட்டியவர் ஒரு மனிதர். இங்கிலாந்தில் பிறந்து, இந்தியக் குடிமகனாக இறந்தவர். அறிவியலில் பட்டமே பெறாமல் அறிவியல் பேராசிரியர் ஆனவர். அவரே ஜே.பி.எஸ். ஹால்டேன். அப்பெரியாரின் வாழ்வை என் மாணவ நண்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் இளமையும்

ஜான் பர்டன் சாண்டர்சன் ஹால்டேன் 1892ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் ஆக்ஸ்போர்டு நகரில் பிறந்தார். தந்தை ஜான் ஸ்காட் ஹால்டேன் புகழ்பெற்ற உடலியல் அறிஞர். சுரங்கங்களில் தொழிலாளர்களைக் கொல்லும் நச்சு வாயுக்களைப் பற்றியும், ஆழ்கடலில் மூழ்குவோர் மேலே வரும்போது உண்டாகும் நோயைப் பற்றியும் ஆராய்ந்தவர். மூழ்குவோர் படிப்படியாக நின்று மேலே வர வேண்டும் என்னும் முறையை 1908இல் வகுத்துத் தந்தவரும் அவரே.

அந்தத் தந்தையின் ஆய்வுக்கூடமே மகனுக்கு முதல் பள்ளிக்கூடம். சிறுவனாக இருந்தபோதே மகனைச் சுரங்கத்துக்குள் அழைத்துச் சென்றார். கூரையை ஒட்டித் தீவாயு தேங்கியிருந்த ஓரிடத்தில் எழுந்து நின்று, ஷேக்ஸ்பியர் நாடகத்தில் வரும் ஒரு சொற்பொழிவை ஒப்பிக்கச் சொன்னார். சில வரிகள் சொல்வதற்குள் சிறுவனுக்கு மூச்சு முட்டியது. கால்கள் தளர்ந்து விழுந்தான். தரையருகே காற்று நன்றாக இருந்தமையால் உடனே தெளிந்தான். அந்த வாயு காற்றைவிட இலேசானது, உயரத்தில்தான் ஆபத்து, குனிந்தால் பிழைக்கலாம் என்னும் பாடத்தை அச்சிறுவன் வாழ்நாளில் மறப்பானா? நம் வீட்டில் இப்படிப் பாடம் நடத்தினால் அம்மா சும்மா விடமாட்டார்!

1901இல், எட்டு வயதில், மெண்டலின் பாரம்பரிய விதிகளைப் பற்றிய ஒரு சொற்பொழிவுக்குத் தந்தையோடு சென்றார். பட்டாணிச் செடியில் மெண்டல் கண்ட உண்மை, முப்பத்தைந்து ஆண்டு மறக்கப்பட்டுக் கிடந்து, அப்போதுதான் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்திருந்தது. அந்த விதை ஹால்டேனின் உள்ளத்தில் முளைத்தது. சில ஆண்டு கழித்துத் தங்கை நவோமியோடு சேர்ந்து வீட்டுத் தோட்டத்திலேயே நூற்றுக்கணக்கான கினிப் பன்றிகளை வளர்த்து, எந்த நிறத்துக்கு எந்த நிறக் குட்டி பிறக்கிறது என்று கணக்கெடுத்தார்.

இதைப் படித்தபோது எனக்கு நம் ஊர் நாய்தான் நினைவுக்கு வந்தது. பால் வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட ராஜபாளையம் நாயை அறியாதவர் யார்? அந்த வெள்ளை நிறத்துக்காகவே நெருங்கிய உறவு நாய்களை இணை சேர்த்ததால், பிறவியிலேயே காது கேளாத குட்டிகளும் பிறப்பதுண்டு. நிறம் தரும் அணுக்கள் உட்செவிக்கும் தேவை. அவை இல்லாதபோது செவி கெடுகிறது. ஒரு குணத்தைத் தேடிப் போனால் இன்னொன்றும் கூடவே வரும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமோ?

கல்வியும் போர்க்களமும்

ஈட்டன் பள்ளியில் சேர்ந்த ஹால்டேனை மூத்த மாணவர்கள் மிகவும் துன்புறுத்தினர். அந்தக் கசப்பு, அதிகாரம் செய்வோர் எவரையும் எதிர்த்து நிற்கும் குணமாக அவரிடம் கடைசிவரை தங்கிவிட்டது. பின்னர் ஆக்ஸ்போர்டில் நியூ காலேஜில் முதலில் கணிதம், பிறகு கிரேக்க இலத்தீன் இலக்கியமும் தத்துவமும் கற்று முதல் வகுப்பில் தேறினார். உயிரியலில் அவர் பட்டம் ஏதும் பெறவில்லை. பாடத்திட்டத்துக்கு வெளியே ஒரு வரியும் படிக்கமாட்டோம் என்று இருக்கும் நம்மைப் போன்றவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

1914இல் முதல் உலகப் போர் மூண்டது. ஹால்டேன் ஸ்காட்லாந்துப் படைப்பிரிவு ஒன்றில் அதிகாரியாகப் பிரான்சுக்குச் சென்றார். 1915இல் எதிரிகள் குளோரின் வாயுவை ஏவியபோது, தந்தை அங்கு வந்து முகமூடிகளைச் சோதித்தார். மகனும் அந்தச் சோதனையில் நச்சு வாயுவைச் சுவாசித்தார். சுண்டெலிகளில் சில குணங்கள் ஒன்றோடொன்று பிணைந்தே வருகின்றன என்று அவரும் தங்கையும் ஸ்ப்ரண்ட் என்னும் நண்பரும் எழுதிய கட்டுரை அந்த ஆண்டில்தான் வெளிவந்தது. அந்த நண்பரோ போரில் மடிந்துவிட்டார்.

பின்னர் மெசபடோமியாப் போர்முனையில் குண்டு வெடித்துக் காயமுற்ற ஹால்டேன், சிகிச்சைக்காக இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். இந்த நாட்டின்மீது அவருக்கு அன்பு பிறந்தது அப்போதுதான். ஆனால் ஆள்வோனாகவும் ஆளப்படுவோனாகவும் இரண்டு மனிதர்கள் பழகுவதை அவர் வெறுத்தார். இந்தியர்களோடு சமமாகப் பழகக்கூடிய காலம் வரும்போதே திரும்பி வருவது என்று மனத்தில் உறுதி கொண்டார். அந்த உறுதி நிறைவேற நாற்பது ஆண்டு ஆயிற்று.

தன்னையே சோதித்தவர்

1923 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் கேம்பிரிட்ஜில் ஹாப்கின்ஸ் என்னும் பேரறிஞரின் கீழ் உயிர்வேதியியல் பணி. உடலுக்குள் நடக்கும் ஒவ்வொரு வேதிவினைக்கும் ஒரு நொதி வேலையாளாக நின்று உதவுகிறது. அந்த வேலையாள் எவ்வளவு வேகத்தில் வேலை செய்வான் என்பதைக் கணக்கிட, 1925இல் பிரிக்ஸ் என்பவரோடு சேர்ந்து ஹால்டேன் ஒரு சமன்பாட்டை அமைத்தார். உயிர்வேதியியல் மாணவர் இன்றும் அதைப் படித்துத்தான் தேர்வு எழுதுகின்றனர்.

இதை மருந்தோடு பொருத்திப் பாருங்கள். நாம் விழுங்கும் மாத்திரையும் ஈரலில் இருக்கும் நொதிகளிடம்தான் போய்ச் சேர்கிறது. அவை மருந்தை மாற்றிச் செயலறச் செய்து வெளியேற்றுகின்றன. ஒருவன் உடலில் அந்த வேலையாள் சுறுசுறுப்பானவன். இன்னொருவன் உடலில் மந்தமானவன். முதலாமவனுக்கு மருந்து போதாமல் போகலாம். இரண்டாமவனுக்கு அதே அளவு மிகையாகித் தீங்கு செய்யலாம். வேலையாள் எப்படிப்பட்டவன் என்பதைத் தாயும் தந்தையும் தந்த மரபணுக்கள் முடிவு செய்கின்றன.

பிறரை வைத்துச் சோதிக்கும் முன் தன்னைச் சோதிப்பது தந்தை வழி வந்த பழக்கம். இரத்தத்தில் அமிலம் கூடினால் என்ன ஆகும் என்று அறிய, அம்மோனியம் குளோரைடு உப்பைக் கரைத்துக் குடித்தார். மூச்சிரைப்பால் பல நாள் துன்பப்பட்டார். ஆனால் அந்தச் சோதனை வீணாகவில்லை. இரத்தத்தில் காரம் மிகுந்து குழந்தைகளுக்கு வரும் இழுப்பு நோய்க்கு மருத்துவர்கள் அந்த உப்பைப் பயன்படுத்தினர்.

1939 ஜூன் மாதத்தில் தீட்டிஸ் என்னும் நீர்மூழ்கிக் கப்பல் வெள்ளோட்டத்தின்போது லிவர்பூல் அருகே மூழ்கி 99 பேர் மாண்டனர். தொழிற்சங்கங்களின் வேண்டுகோளை ஏற்று, அவர்கள் எப்படி மாண்டனர் என்பதை அறிய ஹால்டேன் தாமே இரும்பு அறைக்குள் அடைந்து கிடந்து கெட்ட காற்றைச் சுவாசித்தார். தொடர்ந்து நடந்த அழுத்தச் சோதனைகளில் ஒருமுறை வலிப்பு வந்து முதுகெலும்பு நொறுங்கியது. அந்த வலி அவரை விட்டு நீங்கவே இல்லை. செவிப்பறையும் கிழிந்தது. ஆயினும், புகையிலைப் புகையைக் காது வழியாக விட்டுக் காட்டி நண்பர்களை வியக்க வைக்கலாம் என்று சிரிப்பாராம்!

இச்சோதனைகளில் அவர் கண்ட ஓர் உண்மை நம் பொருளுக்கு மிகவும் வேண்டியது. ஒரே அறையில், ஒரே காற்றைச் சுவாசித்த நண்பர்களில் ஒருவர் விரைவில் மயங்கினார், இன்னொருவர் தாக்குப்பிடித்தார். மனித உடல்கள் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல என்பதை அவர் புத்தகத்தில் படித்து அறியவில்லை, பட்டு அறிந்தார்.

மரபியல் மேதை

1933இல் லண்டன் யுனிவர்சிடி கல்லூரியில் மரபியல் பேராசிரியரானார். டார்வின் கூறிய இயற்கைத் தேர்வையும் மெண்டல் கூறிய மரபு விதியையும் கணிதத்தால் இணைத்த மூவருள் ஹால்டேனும் ஒருவர். மற்ற இருவர் ஃபிஷர், ரைட் ஆகியோர். 1932இல் வெளிவந்த அவருடைய பரிணாமக் காரணங்கள் பற்றிய நூல் இத்துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்று.

1935இல், இரத்தம் உறையாத நோயான ஹீமோபிலியாவை வைத்து, மனிதனில் ஒரு மரபணு புதிதாகத் திரிபடையும் வேகம் ஏறத்தாழ ஐம்பதாயிரத்தில் ஒன்று என்று கணக்கிட்டார். 1937இல் ஜூலியா பெல் அம்மையாரோடு சேர்ந்து, இந்நோயின் மரபணுவும் நிறக்குருட்டின் மரபணுவும் எக்ஸ் குரோமோசோமில் அருகருகே இருக்கின்றன என்று காட்டினார். இத்தகைய பிணைப்பு மனிதனில் அளவிடப்பட்டது அதுவே முதல் முறை.

1938இல் அவர் எழுதிய மரபும் அரசியலும் பற்றிய நூலை நம் பகுதி மக்கள் ஒவ்வொருவரும் அறிய வேண்டும். அதில் பானை வனையும் தொழிலாளரைப் பற்றிப் பேசுகிறார். மண் தூசியால் அவர்களில் பலருக்கு மார்புச்சளி நோய் வருகிறது. ஆனால் எல்லாருக்கும் வருவதில்லை. அந்தத் தூசிக்கு இடங்கொடுக்கும் உடலமைப்பு ஒரு பகுதியினருக்கே பிறவியில் அமைந்திருக்கலாம். அதைக் கண்டறிந்தால் அவர்களை முன்கூட்டியே காக்கலாம் என்பது அவர் கருத்து. பஞ்சுத் தூசியைச் சுவாசித்தே வாழும் நூற்பாலைத் தொழிலாளர் வீட்டில் பிறந்த எனக்கு, இந்தப் பக்கத்தைப் படித்தபோது உடல் சிலிர்த்தது. ஒரே ஷிப்டில், ஒரே எந்திரத்தில் வேலை பார்த்த இருவரில் ஒருவருக்கு மட்டும் மூச்சிழுப்பு வருவதை நாங்கள் விதி என்றே சொல்லி வந்தோம். தூசியைக் குறைக்க வேண்டியது ஆலையின் கடமை, அதில் ஐயமில்லை. ஆனால் யாருக்கு விரைவில் தீங்கு நேரும் என்று அறிவதும் ஒரு கருணையன்றோ?

அதே நூலில், இனத்தூய்மை பேசி மனிதரை உயர்ந்தோர் தாழ்ந்தோர் என்று பிரித்த ஜெர்மானிய நாஜிகளின் கொள்கையை அவர் கடுமையாகச் சாடினார். மரபில் வேறுபாடு உண்டு. ஆனால் வேறுபாடு தாழ்வு ஆகாது என்பதே அவர் கண்ட நெறி.

மலேரியா கற்றுத் தந்த பாடம்

1949இல் நோயும் பரிணாமமும் என்னும் கட்டுரையை ஹால்டேன் வெளியிட்டார். மனிதர்களின் உடல் வேதியியல் ஏன் இத்தனை விதமாக இருக்கிறது? பெரும் காரணம் நோய்களே என்றார். ஒரு கொள்ளைநோய் எல்லாரையும் அழித்துவிடாமல் சிலர் தப்புகிறார்கள் என்றால், அவர்கள் உடலில் ஏதோ ஒரு சிறு மாறுதல் இருக்கிறது. தப்பியவர்களின் பிள்ளைகளிடம் அந்த மாறுதல் பெருகுகிறது. மத்தியதரைக் கடல் நாடுகளில் தாலசீமியா என்னும் இரத்தசோகை ஏன் மிகுந்துள்ளது என்ற கேள்விக்கும், அந்த மரபணுவை ஒருபங்கு மட்டும் பெற்றவர்களை அது மலேரியாவிலிருந்து காத்திருக்கலாம் என்று விடை கூறினார். 1954இல் ஆலிசன் என்பவர் ஆப்பிரிக்காவில் அரிவாள்செல் நோயை ஆராய்ந்து, இந்த எண்ணத்துக்குச் சான்று தந்தார்.

இதன் தொடர்ச்சிதான் மிகவும் வியப்பானது. மலேரியாவுக்குத் தரும் பிரைமாகுயின் மாத்திரை பெரும்பாலோருக்கு நன்மையே செய்தது. சிலருக்கு மட்டும் சிறுநீர் கறுத்து, இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து, உயிருக்கே ஆபத்து வந்தது. அவர்களுடைய சிவப்பணுக்களில் ஜி6பிடி என்னும் நொதி குறைவாக இருப்பதே காரணம் என்று 1956இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டுபிடித்தனர். இந்தக் குறையின் மரபணு இருப்பதும் எக்ஸ் குரோமோசோமில்தான். எனவே ஆண்களையே மிகுதியும் தாக்குகிறது. இக்குறை உலகில் எங்கெங்கே பரவியிருக்கிறது என்று பார்த்தால், மலேரியா ஆண்ட நிலங்களிலேயே மிகுதி! ஹால்டேன் சொன்னபடியே, மலேரியாவிலிருந்து முன்னோரைக் காத்த அதே மாறுதல், மலேரியா மருந்தைப் பேரனுக்கு நஞ்சாக்கிவிட்டது. பாட்டன் கையில் கேடயமாக இருந்தது பேரன் கழுத்தில் சுருக்காக மாறிய கதை இது.

1957இல் அமெரிக்காவின் மோட்டுல்ஸ்கி இத்தகைய செய்திகளைத் தொகுத்து ஒரு கட்டுரை வரைந்தார். 1959இல் ஜெர்மனியின் ஃபோகல் இத்துறைக்கு மருந்து மரபியல் என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். ஹால்டேன் இத்துறைக்குப் பெயர் வைத்தவரல்லர். ஆனால் அது முளைத்த நிலத்தை உழுதவர்களில் அவரும் ஒருவர் என்றால் மிகையாகாது.

இந்தியக் குடிமகன்

1957ஆம் ஆண்டு ஜூலையில் ஹால்டேனும் அவர் மனைவி ஹெலன் ஸ்பர்வேயும் இங்கிலாந்தை விட்டு இந்தியா வந்தனர். சூயஸ் கால்வாய்ப் பிரச்சினையில் எகிப்தின்மீது தம் நாடு படையெடுத்ததைக் கண்டித்து வெளியேறுவதாக அறிவித்தார். கல்கத்தாவில் மகலநோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகத்தில் சேர்ந்தார். வேட்டியும் ஜிப்பாவும் உடுத்தார், புலால் துறந்தார், 1961இல் இந்தியக் குடியுரிமை பெற்றார்.

விலையுயர்ந்த கருவிகள் இல்லை என்று அழுதுகொண்டிராதீர்கள். கண்ணும் கணக்கும் போதும் என்பது அவர் இந்திய மாணவர்களுக்குக் காட்டிய வழி. டேவிஸ் என்னும் ஆய்வாளர், தென்னை மட்டைகள் சில மரத்தில் இடப்பக்கமாகவும் சில மரத்தில் வலப்பக்கமாகவும் சுற்றி அமைவதைக் கணக்கெடுத்து, இது தாய்மரத்திலிருந்து வருவதன்று என்று காட்டினார். ராஜபாளையத்தைச் சுற்றி மலையடிவாரம் வரை தென்னந்தோப்புகள்தாம். அவற்றினூடே எத்தனை முறை நடந்திருப்போம்! ஒருமுறையேனும் அண்ணாந்து பார்த்து எண்ணியிருப்போமா? துரோணம்ராஜு என்னும் மாணவர், ஆந்திரத்தில் மாமன் மகள், அக்காள் மகள் என்று உறவுக்குள் நடக்கும் திருமணங்களைக் கணக்கெடுத்தார். இதுவும் நமக்கு அயலான செய்தி அன்று.

ஹால்டேன் கல்கத்தாவில் இருந்த அதே ஆண்டுகளில் நம் சென்னையிலும் ஒரு பெரும்பணி நடந்துகொண்டிருந்தது. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், ஏழை நோயாளிகளை வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்று 1959இல் உலகுக்குக் காட்டியது. அந்த மையத்தார் இன்னொன்றையும் ஆராய்ந்தனர். காசநோய்க்குத் தரும் ஐசோநியாசிட் மருந்தைச் சிலர் உடல் விரைவாகவும் சிலர் உடல் மெதுவாகவும் செயலறச் செய்கிறது. தென்னிந்திய நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் மெதுவான வகையினர். மருந்து நெடுநேரம் உடலில் தங்குவதால் கைகால் எரிச்சல் என்னும் நரம்புத் தொல்லை இவர்களுக்கே மிகுதி. சிறிதளவு பி6 வைட்டமின் சேர்த்தால் அதைத் தடுத்துவிடலாம் என்பதையும் அவர்கள் நிறுவினர். இந்த வேறுபாடு பரம்பரையாக வருவது என்பதை 1960இல் எவன்ஸ் முதலியோர் குடும்பம் குடும்பமாகச் சோதித்து மெய்ப்பித்தனர்.

இந்தப் பக்கத்தைப் படித்தபோது நூலகத்தில் என்னை மறந்து அமர்ந்துவிட்டேன். என் தந்தை எந்த வகை என்று எவரும் சோதிக்கவில்லை. ஆனால் அவர் சாக்குச் சொல்லவில்லை என்பதற்கு, நான் பிறப்பதற்கு நாற்பது ஆண்டுக்கு முன்பே சென்னையில் சான்று எழுதப்பட்டிருக்கிறது!

இறுதி நாட்கள்

1961இல் கழகத்திலிருந்து கருத்து வேறுபாட்டால் விலகிய ஹால்டேன், 1962இல் ஒரிசா அரசின் ஆதரவுடன் புவனேசுவரத்தில் மரபியல் ஆய்வுக்கூடம் ஒன்றை அமைத்தார். 1963இல் அவருக்கு மலக்குடலில் புற்றுநோய் கண்டது. லண்டனில் அறுவை சிகிச்சை நடந்தது. மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தபடியே, தம் நோயைக் கேலி செய்து ஒரு பாடல் எழுதினார். இரத்தம் கண்டால் வெட்கப்படாமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள் என்று மக்களுக்கு உணர்த்துவதே அதன் நோக்கம். 1964 டிசம்பர் 1ஆம் நாள் புவனேசுவரத்தில் உயிர் துறந்தார். வாழ்நாளெல்லாம் சோதனைக்குத் தந்த உடலை இறந்த பிறகும் அவர் விடவில்லை. அவர் விருப்பப்படி அது ஆந்திராவின் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு மாணவர் பயில வழங்கப்பட்டது.

ஹால்டேன் குறையே இல்லாதவர் என்று நான் சொல்லமாட்டேன். முன்கோபி, பலரோடு சண்டையிட்டவர். பொதுவுடைமைக் கட்சியில் இருந்தபோது, சோவியத் நாட்டில் லைசென்கோ மரபியலையே மறுத்து அறிஞர்களை ஒடுக்கிய செய்தி வந்தும், வெளிப்படையாக எதிர்க்கத் தயங்கினார். பின்னரே கட்சியை விட்டு விலகினார். தம் உடலைப் பொறுத்தவரை அஞ்சாத அவர், இந்த ஓரிடத்தில் தயங்கிவிட்டார்.

முடிவுரை

ஹால்டேன் ஆய்வுக்கூடத்தோடு நின்றவரல்லர். தொழிலாளர் படிக்கும் நாளிதழில் முந்நூறுக்கும் மேற்பட்ட அறிவியல் கட்டுரைகளை எழுதினார். மக்களுக்கு அறிவியல் சொல்பவன் அவர்கள் அன்றாடம் காணும் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும் என்பது அவர் கைக்கொண்ட முறை. இந்த முறையில் இன்று முதலில் கற்பிக்கப்பட வேண்டியவர்கள் யார் என்று கேட்டால், மருந்தாளுநர்கள் என்பேன்.

மருத்துவரைப் பார்க்க வரிசையில் நிற்க வேண்டும். மருந்துக்கடைக்கு எவரும் எந்நேரமும் போகலாம். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பேருந்து நிலையத்தில் இறங்கும் கிராமத்து மூதாட்டி, தம் உடம்பைப் பற்றி முதலில் வாய் திறப்பது மருந்துக்கடைப் பலகையின் முன்தான். நோயாளிக்கு விளக்கம் சொல்வதும் மருந்தாளுநர் பணி என்று 2015ஆம் ஆண்டின் மருந்தாளுநர் நடைமுறை விதிகள் கூறுகின்றன. விளக்கம் சொல்ல வேண்டுமாயின் அவருக்கு முதலில் விளங்கியிருக்க வேண்டும் அல்லவா?

அவர்கள் மரபணுவைச் சோதிக்க வேண்டியதில்லை. நான்கைந்து எடுத்துக்காட்டுகள் மனத்தில் இருந்தால் போதும். காசநோய் மாத்திரை உண்பவர் கால் எரிகிறது என்றால், களிம்பு கொடுக்காமல் பி6 சாப்பிடுகிறாரா என்று கேட்டு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். பிரைமாகுயின் வாங்குபவரிடம், சிறுநீர் கறுத்தால் உடனே மாத்திரையை நிறுத்தி மருத்துவமனைக்கு ஓடிவரச் சொல்ல வேண்டும். வலிப்புக்குத் தரும் கார்பமசெபின் ஆசிய மக்களில் குறிப்பிட்ட ஒரு மரபணு உடையவர்களுக்குத் தோலே உரியும் கொடிய நோயைத் தரலாம் என்று அமெரிக்க அரசு 2007இல் எச்சரித்தது. ஆகவே அம்மருந்து தொடங்கிய முதல் மாதங்களில் தடிப்பு என்று வருபவரைப் பூச்சிக்கடி என்று திருப்பி அனுப்பக் கூடாது.

இன்னொன்று, அறுவை அரங்கில் தசையைத் தளர்த்தத் தரும் சக்சமெத்தோனியம். பொதுவாகச் சில நிமிடங்களில் அதன் வேகம் தணியும். அதைச் சிதைக்கும் நொதி இல்லாதவர்களுக்கோ மணிக்கணக்கில் மூச்சு நின்றுபோகும். நம் நாட்டு வைசிய சமூகத்தில் இக்குறை மிகுதி. அதற்குக் காரணமான மரபணுத் திரிபைக் கோவை பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளிநாட்டு அறிஞர்களோடு சேர்ந்து 2006இல் வெளியிட்டனர். இது எந்தச் சமூகத்துக்கும் இழுக்கன்று. நெடுங்காலம் தமக்குள்ளேயே மணம் செய்யும் எந்தக் கூட்டத்திலும் இப்படி ஏதேனும் ஒன்று மறைந்திருக்கும். அறுவை சிகிச்சைக்குமுன், உங்கள் குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தால் தொல்லை வந்ததா என்று கேட்கும் ஒரு கேள்வி உயிரைக் காக்கும்.

நம் ஆலைகளில் நூற்ற நூலும், சத்திரப்பட்டித் தறிகளில் நெய்த பேண்டேஜ் துணியும் எங்கெங்கோ உள்ள மருத்துவமனைகளுக்குப் போய்ப் புண்ணைக் கட்டுகின்றன. அந்த மருத்துவமனைகளில் பிறந்த அறிவு நம் தெருவுக்குத் திரும்பி வர வேண்டாமா? பட்டம் பெற்றபின் மருந்தியல் பயின்று, மருந்தாளுநர்களுக்கு இதைப் பாடமாகச் சொல்லித் தரும் ஆசிரியனாக வேண்டும் என்பது என் ஆசை. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். வழி சொல்ல வீட்டில் ஆள் இல்லை. ஆனால் பட்டம் இல்லாமலே துணிந்து நுழைந்த ஹால்டேன் எனக்கு வழிகாட்டி.

சென்ற விடுமுறையில் அப்பாவிடம் இந்தக் கதை முழுவதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்தச் சின்ன மாத்திரைக்கு இவ்வளவு வேலையா என்று கேட்டார். ஆம் என்றேன். அதை அன்றே சொல்லியிருந்தால் விட்டிருக்கமாட்டேனே என்றார். நாம் கற்க வேண்டியதும், பிறர்க்குக் கற்பிக்க வேண்டியதும் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிட்டது.